மூன்று பொடிகளும் ஒரு கராஜும்

'கராஜ்' என்னும் சொல்லை இங்கிலீஷ் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அசல் பிரெஞ்சுச் சொல். 'கரே' என்றால் ஒரு பொருளை இடர் படாத இடத்தில் ஒதுக்கி வைப்பது. முதலில் அந்தச் சொல் படகுகளுக்கு உரியதாக இருந்தது. கால்வாயில் மற்ற படகுகளுக்கு வழிவிட்டு ஒதுக்கி நிறுத்துவதற்குத்தான் கராஜ் என்று பெயர். பிறகு ரயில் பெட்டிகளுக்கு வந்தது. மோட்டார் கார் பிறந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காருக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். படகோ, ரயிலோ, காரோ, கருத்து ஒன்றுதான்: உள்ளே வைத்தது கெடக்கூடாது.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் என் மாப்பிள்ளை. அவரும் என் மகளும் பாரிசுக்கு வடக்கே, நம் ஊர்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற புறநகர் ஒன்றில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறார்கள். வீட்டை ஒட்டி ஒரு கராஜ். வீட்டுக்குள் ஹீட்டர் உண்டு, கராஜில் கிடையாது. மூன்று பக்கம் வெளிச்சுவர், நாலாவது சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. சுவர் எல்லாம் 'பர்ப்பேன்', அதாவது நடுவில் துளை உள்ள சிமெண்ட் கல். உள்ளே பூச்சு கிடையாது.

"மாமா, நீங்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ கட்டட எஸ்டிமேட் பார்த்தவர். உள்பக்கம் என்ன பூசலாம்? எல்லாரும் பிளாக்கோ அடித்துவிடு என்கிறார்கள்" என்று கேட்டார்.

நான் கட்டட எஸ்டிமேட் 'பார்த்தவன்' அல்ல, தட்டச்சு செய்தவன். ஆனாலும் முப்பது வருஷம் ஒரே விஷயத்தைத் தட்டச்சு செய்தால் அதில் கொஞ்சம் மண்டையில் ஏறாமல் போகாது. தவிர, அந்தக் கராஜில் வெறும் கார் மட்டும் நிற்கப் போவதில்லை. மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் இருந்தவர். அவருடைய பட்டாளப் புத்தகம், பென்ஷன் காகிதங்கள், எத்தா சிவில் நகல்கள், அவருக்கு முன்னோர் 1881-ஆம் வருஷத்துத் தெக்ரேயின்படி ரெனோன்சியாசியோன் எழுதிக்கொடுத்த பத்திரம், எல்லாம் ஒரு தேக்குப் பெட்டியில் இருக்கிறது. வீட்டில் இடம் இல்லை, பெட்டியைக் கராஜில் வைக்கப்போகிறோம் என்றாள் மகள். அந்தக் குடும்பம் எந்த நாட்டுக் குடும்பம் என்பதற்குச் சாட்சியே அந்தக் காகிதங்கள்தான். ஆகவே இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சுவரில் பூசுவதற்கு மனிதன் கண்டுபிடித்த பொடிகள் முக்கியமாக மூன்று. சுண்ணாம்பு, ஜிப்சம், சிமெண்ட். மூன்றும் கல்லைச் சுட்டுப் பொடியாக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, மறுபடி கல்லாக்கும் வித்தைதான். ஆனால் தண்ணீரோடு இந்த மூன்றுக்கும் உள்ள உறவு மூன்று விதம். அதை அறிந்தால் எந்தச் சுவருக்கு எது என்பது தானே விளங்கும்.

சுண்ணாம்பு

முதலில் நம் ஊர்ச் சரக்கு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் போட்டு, சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதில் உள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவதைத் தண்ணீர் விட்டு நீற்றினால் குழைந்த சுண்ணாம்பு. சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. அதற்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். அவசரக்காரர்களுக்கு ஆகாத பொடி.

1761-இல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்தபோது, ழான் லா தெ லோரிஸ்தோன் காலத்தில் மறுபடி கட்டியது செங்கல்லாலும் சுண்ணாம்பாலும்தான். இன்றைக்கு ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிற மஞ்சள் சுவர்களுக்கு அடியில் இருப்பது இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். அந்தக் காலத்துக் கொல்லத்துக்காரர்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கருவும் உண்டு. வழவழப்பான கல்லால் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினால் சலவைக்கல் போல ஆகும். சென்னைப் பக்கத்தில் இந்தப் பூச்சைக் கண்ட ஐரோப்பியர்கள் வியந்து, 'மதராஸ் சுன்னம்' என்றே அதற்குப் பெயர் வைத்து எழுதினார்கள்.

சுண்ணாம்புச் சுவரின் குணம் என்னவென்றால் அது மூச்சு விடும். ஈரம் உள்ளே வந்தால் பிடித்து வைத்துக்கொள்ளாது. வெயில் வந்ததும், காற்று அடித்ததும் வெளியே விட்டுவிடும். அதோடு சுண்ணாம்பு காரமானது. புதுச் சுண்ணாம்பின் மேல் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்காது. பொங்கலுக்கு முன் வீடு வீடாக வெள்ளையடித்ததை வெறும் அழகுக்கு என்று நினைக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஊறிய சுவருக்கு அது வைத்தியம்.

ஆனால் சுண்ணாம்பு சஞ்சீவி மூலிகை அல்ல. மேலே ஓட்டை விழுந்து தண்ணீர் வருஷக்கணக்கில் இறங்கினால் எந்தச் சுண்ணாம்பும் தாங்காது. 1870-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த நம் கடற்கரை மேரிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம். இப்போது அதே தோற்றத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது ஒன்றுதான்: சுவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கூரையைப் பார்.

ஜிப்சம்

இரண்டாவது பொடி பாரிசின் சொந்தப் பொடி. 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்று கை கால் முறிந்தால் கட்டுகிறார்களே, அதேதான். பாரிசுக்கு வடக்கே பூமிக்கு அடியில் ஜிப்சம் பாறை அடுக்கு அடுக்காக இருக்கிறது. மோன்மார்த்ரு குன்றைக் குடைந்து குடைந்து எடுத்தார்கள். வெள்ளைத் தூள் ஏற்றிப்போன வண்டிகளால்தான் அடிவாரத்துச் சதுக்கத்துக்குப் 'பிளாஸ் பிளான்ஷ்', அதாவது வெள்ளைச் சதுக்கம், என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்குக் குழந்தைகள் விளையாடுகிற புத்-ஷோமோன் பூங்காவும் பழைய ஜிப்சம் சுரங்கத்தின் மேல் 1867-இல் திறந்ததுதான்.

ஜிப்சத்தைச் சுட சுண்ணாம்புக்கு வேண்டிய சூடு தேவையில்லை. 150 டிகிரி போதும். அதில் உள்ள தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் போய்விடும். பொடியைத் தண்ணீரில் கலந்தால் போன தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு நிமிஷக் கணக்கில் இறுகிவிடும். இந்தச் சூட்சுமத்தை ஆராய்ந்து 1765-இல் பிரெஞ்சு அறிவியல் அக்காதெமியில் கட்டுரை படித்தவர் ஓர் இருபத்தொரு வயது இளைஞர். பெயர் லவுவாசியே. நம் பள்ளிப் புத்தகங்களில் லவாய்சியர் என்று அச்சிடுவார்கள். பின்னால் நவீன வேதியியலின் தந்தை என்று பெயர் வாங்கி, 1794-இல் கில்லெத்தீனில் தலையைப் பறிகொடுத்த அதே மனிதர். அக்காதெமிக்கு அவர் கொடுத்த முதல் கட்டுரையே சுவர்ப் பூச்சு சம்பந்தப்பட்டது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

பாரிஸ் முழுக்க இந்தப் பூச்சு பரவியதற்கு அழகு காரணமல்ல, நெருப்புப் பயம் காரணம். 1666-இல் லண்டன் எரிந்தது. மறு வருஷமே பதினான்காம் லூயி மன்னர், பாரிஸ் வீடுகளின் மரச் சட்டங்களைப் பிளாஸ்டரால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். உத்தரவில் நியாயம் இருக்கிறது. இறுகிய ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். அது முழுக்கத் தீரும்வரை சுவரின் மறுபக்கம் ஏறக்குறைய நூறு டிகிரியைத் தாண்டாது. ஆள் ஓடித் தப்பிக்க அவகாசம் கிடைக்கும்.

1894-இல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகிதத்துக்கு நடுவே பிளாஸ்டரை வைத்துப் பலகையாக்கிக் காப்புரிமை வாங்கினார். ஈரப் பூச்சு காய்வதற்குக் காத்திருக்க வேண்டாம், ஆணி அடித்தால் சுவர் தயார். அதன் வாரிசுதான் இன்று பிரான்சில் எல்லாரும் 'பிளாக்கோ' என்று சொல்கிற பலகை. கடையில் பி.ஏ.13 என்று கேட்டால் கொடுப்பார்கள். 13 என்பது ஏறக்குறைய அதன் தடிமன், மில்லி மீட்டரில்.

சரி, இதன் பலவீனம் என்ன? தண்ணீர். ஜிப்சம் தண்ணீரில் கரையும், லிட்டருக்கு இரண்டு கிராம் போல. பாரிசின் வடக்குப் புறநகர்களில் மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்கி ஜிப்சத்தைக் கரைத்துப் பொந்து உண்டாக்கி, மேலே மண் உள்வாங்குவதும் உண்டு. பாறைக்கே அந்தக் கதி என்றால் அரை அங்குலப் பலகைக்குச் சொல்லவேண்டுமா? போதாததற்கு இரண்டு பக்கமும் காகிதம். ஈரமான காகிதம் பூஞ்சணத்துக்கு விருந்து.

பிரெஞ்சில் 'எசுயே லே பிளாத்ரு' என்று ஒரு பேச்சு உண்டு. பிளாஸ்டரைத் துடைப்பது என்று அர்த்தம். முன்பு பாரிசில் புது வீட்டுச் சுவர் முழுக்கக் காயும் முன்பே குறைந்த வாடகைக்கு ஏழைகளைக் குடிவைப்பார்களாம். சுவரின் ஈரத்தை முதலில் அனுபவிப்பவர்கள் அவர்கள். புது விஷயத்தின் கஷ்டத்தை முதலில் படுகிறவனை இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இதை விளக்கியபோது, கடலோரத்து ஊர்ப் பிள்ளைகளான எங்களுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது.

சிமெண்ட்

மூன்றாவது பொடி. லூயி விக்கா என்னும் பிரெஞ்சு எஞ்சினியர் தோர்தோஞ் ஆற்றின் மேல் சுயாக் என்னும் ஊரில் பாலம் கட்டும் வேலையில் இருந்தார். தண்ணீருக்கு அடியிலும் இறுகக்கூடிய சுண்ணாம்பு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்து 1818-இல் நூலாக வெளியிட்டார். களிமண்ணின் பங்குதான் ரகசியம் என்று கண்டவர் அவர். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லாண்டு சிமெண்ட்' என்று பெயரிட்டுக் காப்புரிமை வாங்கினார். ஈஃபல் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் விக்காவின் பெயரும் லவுவாசியேயின் பெயரும் உண்டு. அடுத்த முறை போகும் அன்பர்கள் தலை நிமிர்ந்து பாருங்கள்.

நம் பக்கத்தில் 1939-இல் டால்மியாபுரமும், 1949-இல் தாழையூத்தும் வந்த பிறகு சிமெண்ட் பழக்கமாயிற்று. ஆனாலும் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. மூட்டைக்கு பர்மிட் வேண்டும். கல்யாணத்துக்குச் சர்க்கரை கேட்பதுபோல வீடு கட்டுகிறவர்கள் மனு எழுதிக்கொண்டு நிற்பார்கள். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுக்க நீங்கியது. அதற்குள் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எஸ்டிமேட்டில் 'சுண்ணாம்புப் பூச்சு' என்ற வரி மறைந்து, 'சிமெண்ட் பூச்சு, ஒன்றுக்கு ஐந்து, 12 மி.மீ.' என்ற வரி வந்ததை என் தட்டச்சு இயந்திரமே அறியும்.

சிமெண்ட் பலசாலி. தண்ணீருக்குப் பயப்படாது, இடித்தாலும் உரசினாலும் தாங்கும். ஆனால் சுண்ணாம்பு போல மூச்சு விடாது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசிய கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். அடியிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்துப் பொரிந்து, இரண்டொரு மழைக்காலத்தில் பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்று விழும். சிமெண்டின் குற்றமல்ல. இடம் தவறிய பொடி.

குளிர்ந்த சுவரில் நடப்பது

இப்போது பாரிஸ் கராஜுக்கு வருவோம். நம் ஊரில் ஈரம் தரையிலிருந்து ஏறும், கூரையிலிருந்து இறங்கும். அங்கே மூன்றாவது ஒரு வழி உண்டு. காற்றிலிருந்தே வரும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் தண்ணீரை ஆவியாகத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. சமையலறைக் கதவைத் திறந்ததும் வெந்நீர் ஆவியோடு சூடான காற்று கராஜுக்குள் போகிறது. குளிர்ந்த சுவரைத் தொட்டதும் தாங்க முடியாத தண்ணீரை அங்கேயே விட்டுவிடுகிறது. மழையிலும் பனியிலும் நனைந்த கார் உள்ளே வந்து நின்றால் கேட்கவே வேண்டாம். ஐஸ் மோர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலச் சுவர் வியர்க்கும்.

ஆகவே என் பதிலை, பழைய வழக்கப்படி வரிசை எண் போட்டு எழுதி அனுப்பினேன்.

1. சமையலறைப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் பிளாக்கோ. அந்தச் சுவரின் மறுபக்கம் சூடு இருப்பதால் வியர்வை குறைவு. நடுவில் ராக் உல் வைத்தால் வீட்டுச் சூடும் வெளியே போகாது. பெட்ரோலும் காரும் இருக்கிற அறைக்கும் ஆள் தூங்குகிற வீட்டுக்கும் நடுவே ஜிப்சம் இருப்பது நல்லது. அமெரிக்காவில் இந்தச் சுவரின் கராஜ் பக்கத்துக்குக் குறைந்தது அரை அங்குல ஜிப்சம் பலகை வேண்டும் என்று கட்டட விதியே எழுதியிருக்கிறார்கள். லூயி மன்னர் உத்தரவின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். பலகையின் அடி தரையைத் தொடக்கூடாது. ஒரு சென்டிமீட்டராவது தூக்கி நிறுத்தவேண்டும். தரையில் நிற்கும் தண்ணீரைக் காகிதம் திரிபோல உறிஞ்சும்.

2. மூன்று வெளிச்சுவர்களிலும் பிளாக்கோ வேண்டாம். பலகைக்குப் பின்னால் குளிர்ந்த கல்லில் ஈரம் கோத்தால் கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சண வாடை வந்த பிறகுதான் தெரியும். அங்கே சுண்ணாம்பு. சிமெண்ட் கல்லில் பிடிப்பதற்கு முதல் சாந்தைத் தண்ணியாகக் கரைத்துக் கரணையால் வீசி அடித்துச் சொரசொரப்பாக விடவேண்டும். அதன் மேல் பூச்சு. அதன் மேல் வெள்ளை. காசு போதாவிட்டால் பூச்சை விட்டுவிட்டுக் கல்லின் மேலேயே இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தாலும் போதும். வெளிச்சமும் கிடைக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் வேண்டாம்.

3. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சிமெண்ட் பூச்சு. சக்கரம் தெறிக்கும் தண்ணீர், சைக்கிள் உரசல், மண்வெட்டி இடி எல்லாம் அந்த உயரத்தில்தான். அங்கே மட்டும் பலசாலி நிற்கட்டும்.

4. வேலையை மே மாதத்துக்கு மேல் செப்டம்பருக்குள் முடிக்கவேண்டும். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு இறுகாது. உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்தால் பூச்சு பொடிப்பொடியாகிவிடும். பிளாக்கோ மூட்டில் பூசும் பசையும் குளிரில் காயாது.

5. மேலும் கீழும் காற்று போக ஆளுக்கொரு துவாரம். குளிருக்குப் பயந்து அதைத் துணி வைத்து அடைக்கக் கூடாது.

மாப்பிள்ளை படித்துவிட்டு, "ஒரு கராஜுக்கு மூன்று பூச்சா? வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்றார். சிரிக்கட்டும். ஒரே வீட்டில் பூஜை அறைக்கும் கிணற்றடிக்கும் ஒரே தரையா போடுகிறோம்? நாலு சுவருக்கும் ஒரே பொடி என்பது கண்ணுக்கு ஒழுங்கு. தண்ணீர் நாலு சுவருக்கும் ஒரே வழியில் வருவதில்லை.

ஆறாவது வரி ஒன்றும் எழுதினேன், அதைப் பூச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது. இத்தனையும் செய்தாலும் சூடு இல்லாத அறை ஈரமான அறைதான். எந்தப் பூச்சும் காற்றை உலர்த்தாது. சுவரைக் கெடாமல் காக்கும், அவ்வளவே. சைக்கிளும் மண்வெட்டியும் காரும் அங்கே சுகமாக இருக்கும். 1881-ஆம் வருஷத்துப் பத்திரத்தின் மசி இருக்காது. ஆகையால் தேக்குப் பெட்டி வீட்டுக்குள்ளே போகட்டும், படுக்கை அறையில் கட்டிலுக்கு அடியிலாவது.

இடம் இல்லை என்றுதானே சொன்னாய் என்று மகளைக் கேட்டேன். அளந்து பார்த்திருக்கிறாள். கட்டில் காலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் பெட்டி நுழைந்துவிடுமாம்.